பல் ஆஸ்பத்திரியில் நூற்று அறுபத்து மூன்று கொலைகள்

மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

போன திங்கட்கிழமை நீங்கள் ஃபோனில் கூப்பிட்டபோது, உங்கள் புத்தகங்கள் என் வீட்டில் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில், ஊரார் கைபடும்படி அவை அடுக்கியிருக்கின்றன என்பதையும் சொல்லவில்லை. நீங்கள் "நூத்திப் பன்னெண்டை எடு, பின்னட்டைக்கு உள்பக்கம் நான் என்ன எழுதியிருக்கேன்னு அப்படியே படி" என்றபோது, ஃபோனைக் காதில் வைத்தபடி நான் அந்த அலமாரியின் முன்னால்தான் நின்றிருந்தேன். நூற்றுப் பதினொன்றுக்கும் நூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் சுவர் தெரிந்தது. அதையும் சொல்லவில்லை. "வேலையில இருக்கேன் அத்தை, வீட்டுக்குப் போய்ப் பாத்துச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். "எல்லாம் பத்திரமா இருக்குல்ல?" என்றீர்கள். "இருக்கு" என்றேன். அது முழுப் பொய் இல்லை. நூற்று அறுபத்திரண்டு பத்திரமாகத்தான் இருக்கின்றன என்று அப்போது நினைத்திருந்தேன்.

இங்கு நான் நலம். அங்கே நீங்கள், உங்கள் மகள், மாப்பிள்ளை, உங்கள் புத்தகங்களுக்கு இடமில்லாமல் தட்டும் கிண்ணமுமாக நிறைந்திருக்கும் அந்தக் கண்ணாடி அலமாரி எல்லாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டில் அடுத்தவர் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவர் நீங்கள். ஆகவே என் வாக்குமூலத்தையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த பகுதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மகள் வீட்டுக்குக் குடிபோனபோது, நாற்பது வருஷமாகச் சேர்த்த துப்பறியும் நாவல்களை ஏழு பெட்டிகளில் என் ஒற்றை அறைக்கு அனுப்பினீர்கள். ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை, முதுகில் எண், பின்னட்டைக்கு உள்ளே பென்சிலில் ஒரு வரி: எந்தப் பக்கத்தில் கொலையாளியைப் பிடித்தீர்கள், யார் என்று. "பக்கம் 84. மைத்துனர்." "பக்கம் 31. நர்ஸ். மிகச் சுலபம்." யாருக்கும் இரவல் கிடையாது என்பது நிபந்தனை. நானும் தலையாட்டினேன். என் தலைக்கு மேலே ஒரு குடித்தனம் இருப்பதையும், அவர்கள் புதிதாக வாஷிங் மெஷின் வாங்கியிருப்பதையும் நாம் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. ஒருநாள் காலை அதன் குழாய் பிடுங்கிக்கொண்டது. சோப்பு நுரை என் கூரையில் வரைபடம் போட ஆரம்பித்து, சரியாக மூன்றாவது பெட்டிக்கு மேலே வந்து சொட்டியது. மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "பயப்படாதேம்மா, துவைச்ச தண்ணிதான், சுத்தமா இருக்கும்" என்றார். நான் ஒரு பெட்டி, ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா ஒரு பெட்டி என்று ஏழு பெட்டிகளையும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். ரெண்டு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். பற்பசைச் சாம்பிள் வைக்கிற அலமாரி காலியாக இருந்தது, ஈரம் காயட்டுமே என்று அடுக்கினேன். இது நடந்து நாலு மாசம் ஆகிறது.

டாக்டர் அன்றைக்கே பார்த்துவிட்டார். "என்னம்மா இது, கொலைக் கதையா? பல்லு புடுங்கற எடத்துலயா? வெளங்கிடும்" என்றார். மறுநாள் வந்த தையல்கடை அக்கா, கன்னத்தில் கைவைத்தபடி ஒரு புத்தகத்தை உருவினார். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் கை கன்னத்தில் இல்லை, வாயில் இருந்தது, நகம் கடித்துக்கொண்டிருந்தார். பேரைக் கூப்பிட்டேன். "அடுத்தவங்களை அனுப்பும்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அத்தை, பல்வலியோடு வந்த ஒருவர் எனக்கு அவசரமில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எல்லாரும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். "நல்லதா ஒண்ணு எடுத்துக் குடும்மா." நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும், மூன்று வருஷமாக அந்த மேஜையில் "உக்காருங்க", "உள்ள போங்க", "அரைமணி நேரத்துக்குச் சூடா எதுவும் சாப்பிடாதீங்க" இந்த மூன்று வாக்கியத்தில் காலம் தள்ளியவள். ஆனால் துப்பறியும் நாவலைப் பரிந்துரைப்பது வேறு வகைப் பேச்சு. முக்கியமானதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வேண்டும். அது எனக்குக் கைவந்த கலை என்று அப்போதுதான் தெரிந்தது. "மழையில ஆரம்பிக்கும். வீட்டுக்குள்ள ஆறு பேர். அதுல அஞ்சு பேரை உங்களுக்குப் பிடிக்கும்." "இதுல நூத்தி முப்பதாம் பக்கம் வரைக்கும் யாருமே சாக மாட்டாங்க, ஆனா உங்களால கீழ வைக்க முடியாது." இப்படிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அவர்கள் கண் மின்னும்.

மெல்ல ஒரு முறையும் உண்டாயிற்று. பல் சுத்தம் செய்ய வருகிறவருக்கு ஒரே பிணம், ஒரே வீடு, நூறு பக்கத்துக்குள் முடிகிற கதை. ரூட் கெனாலுக்கு மூன்று தடவை வர வேண்டும். ஆகவே மூன்று பாகமாகப் பிரிந்து, ஒவ்வொரு பாகம் முடியும்போதும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி உள்ளதைக் கொடுப்பேன். ஒரே ஒருவரைத் தவிர, அடுத்த தேதிக்கு ஆள் வராமல் இருந்ததே இல்லை. பல் பிடுங்க வருகிறவர்களுக்கு ரத்தம் உதவாது, விஷம் மட்டும்தான். கடைவாயில் ஞானப்பல் முளைத்து வாய் திறக்க முடியாமல் வருகிறவருக்கு உளவாளிக் கதை கொடுத்தேன்; அதிலும் எவனும் வாயைத் திறப்பதில்லை. பல்லுக்குக் கம்பி கட்டிய கல்லூரிப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் மாதாமாதம் வர வேண்டியிருப்பதால் உங்கள் எண்பத்தொன்றில் தொடங்கும் ஒன்பது பாக வரிசையை ஒதுக்கியிருக்கிறேன். ஐந்தாம் பாகத்தில் இருக்கிறாள். பல் நேரானாலும் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

இதில் வந்த தொந்தரவு மரப்பு ஊசிதான். ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று பத்து நிமிஷம் வெளியே உட்கார வைப்பது டாக்டர் வழக்கம். உட்கார்ந்தவர்கள் கையில் புத்தகம். கூப்பிட்டால், கோணிய வாயோடு "அத்தியாயத்தை முடிச்சிட்டு வந்துடறேன்" என்பார்கள். முடித்துவிட்டு உள்ளே போவதற்குள் மரப்பு இறங்கியிருக்கும். டாக்டர் வெளியே வந்து என் மேஜை முன்னால் நின்று, "ஒரு பல்லுக்கு ரெண்டு ஊசி போடற ஒரே டாக்டர் நான்தாம்மா. போய் உன் கொலைகாரங்ககிட்டயே சொல்லு, மீதி சிகிச்சையையும் அவங்களே பாத்துக்கட்டும்" என்று கத்தினார். காத்திருந்தவர்களில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பின்னட்டைக்குள் இருந்த உங்கள் வரிகளை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் அதைப் பார்க்காதீர்கள், முடிவு தெரிந்துவிடும் என்று நான் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவைத்தேன். கதையை முடித்தவர்கள் மட்டும் தாளைத் தூக்கிப் பார்க்கலாம். தூக்கிப் பார்த்தவர்கள் பொறாமையில் வெந்தார்கள். "யாரும்மா இது, முப்பத்தோராம் பக்கத்துலயே பிடிச்சிருக்காங்க? போலீஸா?" "எங்க அத்தை." "அவங்க வீட்ல எப்படிம்மா பொய் சொல்லிப் பொழைக்கிறாங்க?" பிறகு என்னைக் கேட்காமலே, உங்கள் வரிக்குக் கீழே அவரவர் பக்க எண்ணை எழுத ஆரம்பித்தார்கள். இப்போது சில புத்தகங்களில் உங்களுக்குக் கீழே பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன். உங்கள் பென்சில் எழுத்தும் சேர்ந்து போய்விடும் போலிருந்தது, வைத்துவிட்டேன். ஒன்று நிச்சயம்: திங்கட்கிழமை வரையில் உங்களை யாரும் முந்தவில்லை.

இப்போது நூற்றுப் பன்னிரண்டுக்கு வருகிறேன். இந்த ஊர் நூலகத்தில் துப்பறியும் கதைகளுக்குத் தனி அலமாரி திறக்கிறார்கள், படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களை உங்களிடம் கேட்டிருக்கிறார்கள், வருகிற புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், "என்னை எது கடைசி வரைக்கும் ஏமாத்துச்சோ அதுக்குத்தான் முதலிடம்" என்று ஃபோனில் சொன்னீர்கள். நூற்று அறுபத்து மூன்றில் உங்களை ஏமாற்றியது அது ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும். உங்கள் வாழ்நாள் தோல்வியைத் தொலைத்துவிட்டு நின்றேன், அத்தை. அந்தப் புத்தகம் கிடைக்காவிட்டால் உங்கள் பட்டியலுக்குத் தலை இல்லை. அதைவிட, இனிமேல் நீங்கள் என்னை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்க மாட்டீர்கள்.

நாவல்களில் வருகிற மாதிரியே விசாரித்தேன். வந்துபோனவர்களில் புத்தகத்தை அதிகமாக அணைத்துக்கொண்டவர் யார் என்று யோசித்தால், டிரைவிங் சொல்லித் தருகிறவர். ரூட் கெனாலில் பாதி முடிந்து, மூன்றாம் தடவைக்கு வராமல் தப்பித் திரிகிற ஒரே ஆள். அவர் வண்டி சிக்னலில் நின்றபோது ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பயிற்சிக்கார அம்மாவிடம் "எடுங்க, எடுங்க, பச்சை விழுந்துடுச்சு" என்றார். "சிவப்புதானே சார்?" "நான் சொல்றேன்ல, எடுங்க!" அந்த அம்மா எடுத்தார், இவருக்கே பயம் வந்து தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தார், வண்டி தவளை மாதிரி ஒரு தாவு தாவி நின்றது. "வலிக்கவே இல்லம்மா, சத்தியமா, அப்படியே விட்டுடுங்க" என்று கும்பிட்டார். புத்தகம் என்றேன். இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். அது ஐம்பத்தெட்டு. அது காணாமல் போனதே எனக்குத் தெரியாது.

அடுத்தது தையல்கடை அக்கா. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், "தெரிஞ்சிடுச்சா? மன்னிச்சிடும்மா, கையில பேப்பர் இல்ல, கஸ்டமர் நின்னுட்டிருந்தாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். என்னைக் கேட்காமல் கடைக்கு எடுத்துப்போன தொண்ணூற்று ஆறின் காக்கி அட்டையில் யாருடைய கை அளவையோ, தோள் அளவையோ சாக்பீஸால் குறித்திருந்தார். இப்படியே நான் போன இடத்திலெல்லாம் யாராவது ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் எழுபதாம் எண்ணின் ஓரத்தில் டீ சிந்தியிருந்தார். இன்னொருவர் தன் மனைவி படித்துக்கொண்டிருந்த கதையின் முடிவை வீட்டில் உளறிவிட்டு, நாலு நாளாக அதற்கான பலனை அனுபவித்துக்கொண்டிருந்தார். எல்லாரிடமும் ஒரு குற்றம் இருக்கிறது, அத்தை. நான் தேடியது மட்டும் யாரிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஜையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அதில் ஊசி போட்ட நேரத்தையும் உள்ளே கூப்பிட்ட நேரத்தையும் நான்தான் எழுதுகிறேன். பதினொன்று ஐந்துக்கு ஊசி, பதினொன்று நாற்பதுக்கு அழைப்பு. மறுநாளும் அப்படியே. ஒரு மாதமாகவே அப்படியே. இத்தனை நாள் நோயாளிகள்தான் தாமதம் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன், ஆனால் இந்த நாட்களில் அவர்கள் கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டு, "இன்னும் கூப்பிடலையாம்மா?" என்று என்னைக் கேட்டது ஞாபகம் வந்தது. நர்ஸ் அக்காவைப் பார்த்தேன். அவர் கருவிகளைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. நான் இங்க இன்னும் பத்து வருஷம் வேலை பாக்கணும். ஆனா எக்ஸ்ரே ரூம்ல சிவப்பு லைட்டு எரியுது. எக்ஸ்ரே எடுக்க ஆளே இல்ல."

கதவைத் திறந்தேன். கதிர்வீச்சுக்குப் போட்டுக்கொள்கிற கனமான ஈய அங்கியைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை மாட்டிக்கொண்டு, டாக்டர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நூற்றுப் பன்னிரண்டு.

"கதவைச் சாத்தும்மா. ரேடியேஷன்."

"மெஷின் ஆஃப்ல இருக்கு டாக்டர்."

"வெளிய யாரு உக்காந்திருக்கா?"

"பேக்கரிக்காரர். ஊசி போட்டு முக்கால் மணி நேரம் ஆச்சு. உணர்ச்சியெல்லாம் திரும்ப வந்துடுச்சாம்."

"இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றார். பிறகு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி, "எட்டுப் பக்கம்தாம்மா பாக்கி. ஆனா அதுக்கு அவசியமே இல்ல. கொலைகாரன் யாருன்னு எனக்கு அறுபத்தொண்ணாம் பக்கத்துலயே தெரியும். சரியான்னு பாக்கத்தான் மீதியைப் படிக்கிறேன்" என்றார்.

நான் சிரித்தேன், அத்தை. உங்களால் முடியாதது இவரால் முடியுமா? "யாரு?" என்றேன். "அந்த வாசல் கேட்டுக்காரக் கிழவன். அவன் கிழவனே இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. உங்களுக்கும் நின்றிருக்கும். "எப்படி டாக்டர்?" "பதினாலாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கான்? பல்லெல்லாம் போய் முழு செட்டு வெச்சிருக்கற எழுபது வயசு ஆளு. அறுபத்தொண்ணாம் பக்கத்துல பார்சல் வருது. கத்தி தேடாம, கட்டியிருந்த நைலான் கயித்தைப் பல்லால கடிச்சு அறுக்கறான். இருபது வருஷமா செட்டு பண்றேன்மா நான். செட்டு வெச்சவன் நைலான் கயித்தைக் கடிச்சா கயிறு அப்படியே இருக்கும், செட்டு கையோட வந்துடும். அந்த வாயில அத்தனையும் சொந்தப் பல்லு. அப்ப வயசு பொய். வயசு பொய்னா ஆளே பொய்." கடைசி எட்டுப் பக்கத்தை நின்றபடியே படித்து முடித்தார். சரிதான். நீங்கள் இருநூற்றுப் பத்துப் பக்கம் விழித்திருந்து தவறவிட்டவனை இவர் ஒரு கடியில் பிடித்துவிட்டார். என்னைத் தடுக்க விடாமல், என் பென்சிலையே பிடுங்கி, "கடைசிப் பக்கம்வரை தெரியவில்லை. வெட்கம்" என்ற உங்கள் வரிக்குக் கீழே எழுதினார். எழுதியது மூன்று வரி. மருந்துச்சீட்டு எழுத்து. ஒரு சொல்லும் விளங்காமல் மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு நொடி பார்த்துவிட்டு, "பக்கம் 61. கேட்டுக்காரன். காரணம், பல்" என்று படித்தார். அப்புறம் பழக்கதோஷத்தில், "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு போடலையே" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். உங்கள் நிபந்தனையை மீறினேன். உங்கள் சாதனையை, பல் பிடுங்குகிற ஒருவர் முறியடிக்க இடம் கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு இனியும் முதலிடத்துக்குத் தகுதியானதுதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏமாற்ற முடியாத ஆள் ஒருவர் இருக்கிறார் என்று ஆகிவிட்டதே. புத்தகங்களைத் திங்கட்கிழமை பெட்டியில் கட்டி வியாழக்கிழமை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன். வீட்டுக் கூரையும் காய்ந்துவிட்டது, ஆகவே எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த அலமாரி போய்விட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். நாற்பது பேர் என்னோடு பேசுகிறார்கள், அத்தை. என்னைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனாலும் ஒரு புத்தகத்தை நீட்டும்போது கொஞ்சம் என்னையே நீட்டுகிற மாதிரி இருக்கிறது. இது மன்னிப்புக் கேட்கிற இடத்தில் எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்களை மனத்தால் கும்பிட்டு, தண்டனை எதுவானாலும் ஏற்கச் சித்தமாக,

உங்கள் தம்பி மகள்

பி.கு.: மேலே உள்ளது ஞாயிற்றுக்கிழமை எழுதியது. திங்கட்கிழமை மாலை பெட்டியில் அடுக்குவதற்காக வரிசைப்படி எடுத்தேன். முதல் எண்ணின் பின்னட்டையைப் பிரித்தால், நோயாளிகள் எழுதிய பதினோரு வரிக்கும் கீழே, புதுப் பென்சிலில், உங்கள் கையெழுத்து. தேதி போட்டிருந்தீர்கள்: மூன்று வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை, எனக்கு விடுமுறை நாள். "புத்தகங்களைக் கடத்தியது யார்? முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தம்பி மகள். 112 இடத்தில் இல்லை. டாக்டர் அறையில் இருக்கலாம். மின்விசிறியைச் சற்று வேகமாக வைக்கவும்." நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். "ஓ, அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா? மூணு மணி நேரம் உக்காந்து படிச்சாங்க. பல்லைக் காட்டாமலே போயிட்டாங்க. பக்கத்துல இருந்தவங்களுக்கெல்லாம் எது நல்லாருக்கும்னு வேற சொல்லிக் குடுத்தாங்க" என்றார். ஆக, ஃபோனில் என்னிடம் நூற்றுப் பன்னிரண்டைக் கேட்டபோது அது எங்கே என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ஐந்து நாள் ஊரெல்லாம் ஓடியதும், இத்தனை பக்கம் எழுதியதும் வீண். எழுதிய பாவத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

நேற்று ராத்திரி நீங்கள் ஃபோனில் சொன்ன பத்து எண்களையும் புத்தகப் பேரோடு எழுதி இன்று காலை நூலகத்தில் கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டை இரண்டாவதாகத்தான் போட்டேன், நீங்கள் சொன்னபடி. அதன்படியே பெட்டிகளையும் பிரித்து, எல்லாவற்றையும் மத்தியானத்துக்குள் அதே ஆஸ்பத்திரி அலமாரியில் திரும்ப அடுக்கிவிட்டோம்.